மகள் காட்டிய லண்டன்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடம் போய்வரும் எங்கள் பெற்றோருக்கு, எவரும் எழுதிவைக்காத நிகழ்ச்சி நிரலொன்று உண்டு. வாரத்தில் ஐந்து நாட்கள் வீட்டுக்குள்ளேயே கழியும். மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வது, மரக்கறி வெட்டிக் கொடுப்பது, இணையத்தில் ஊர்ச்செய்தி வாசிப்பது என்று பொழுது நகரும். சனி, ஞாயிறு வந்ததும் ‘ஊர் பார்க்க’ அழைத்துச் செல்லப்படுவோம். கோயில், தமிழ்க் கடை, யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழா, இவற்றுக்கிடையே நகரத்தின் பெயர்பெற்ற நான்கைந்து இடங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டால் பயணம் நிறைவு பெறும்.

2024 செப்டெம்பரில் நானும் மனைவியும் லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். ஹரோவில் வீடு. மகள் மருந்தாளராகப் பணிபுரிகிறாள். வார இறுதியிலும் வேலை வரும். மூன்றாவது வாரத்தில்தான் இரண்டு நாட்கள் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தது.

“சனியும் ஞாயிறும் உங்களுக்குத்தான் அப்பா. எங்க போவம் எண்டு சொல்லுங்கோ” என்றாள்.

அந்த வார இறுதி வேறொரு காரணத்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளாத ஒன்றாக இருந்தது. செப்டெம்பர் 21 சனிக்கிழமை இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். 1982 இல் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது நான் பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒப்புநோக்காளர். அதிலிருந்து 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்களின் இரவுகளையும் அலுவலகத்திலேயே கழித்தவன். ஒன்பதாவது தேர்தலன்று ஓய்வுபெற்றவனாக, கொழும்பிலிருந்து 8,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தேன். நாள் முழுவதும் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கப்போகிறேன் என்பது மகளுக்குத் தெரிந்திருந்தது.

“ஒரு நாள் உனக்குப் பிடித்த இடம், ஒரு நாள் எனக்குப் பிடித்த இடம்” என்றேன். அப்படியே உடன்பாடாயிற்று.

சனிக்கிழமை அவளுடைய நாள். பேரனும் மனைவியும் மருமகனும் சேர்ந்து எல்லோருமாக வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனோம். சுரங்க ரயில் நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்தால் மணிக்கூட்டுக் கோபுரம் தலைக்கு மேலே நிற்கிறது. பிக் பென் என்பது உள்ளே தொங்கும் பெருமணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 இல் எலிசபெத் கோபுரம் என்று பெயர் வைத்தார்கள். உயரம் 96 மீற்றர். ஐந்தாண்டுத் திருத்த வேலை 2022 இல் முடிவடைந்து பொன்னும் நீலமுமாகப் பளபளக்கிறது. 1859 இல் ஒலிக்கத் தொடங்கிய ஆண்டிலேயே அந்த மணியில் வெடிப்பு விழுந்துவிட்டது. மணியைச் சற்றுத் திருப்பி, சுத்தியலையும் இலேசாக்கித் தொங்கவிட்டார்கள். இன்றுவரை அந்த வெடிப்போடுதான் அது மணி சொல்கிறது. இதைச் சொன்னபோது பேரன், “அப்ப ஏன் புதுசு வாங்கேல்லை?” என்று கேட்டான். தாத்தாவிடம் பதில் இருக்கவில்லை.

பாராளுமன்றச் சதுக்கம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. நடுவே புற்றரை. சுற்றிவரச் சிலைகள். 1931 இல் காந்தியை இகழ்ந்து பேசிய சேர்ச்சிலும், 2015 இல் இங்கே வந்து சேர்ந்த காந்தியும் ஒரே சதுக்கத்தில் நிற்கிறார்கள். மண்டேலா 2007 இல் வந்தார். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ற் ஃபோசெற்றின் சிலை 2018 இல் வைக்கப்பட்டது. அங்கே இடம்பெற்ற முதலாவது பெண் அவர்.

மனைவியையும் பேரனையும் காந்தியின் முன்னால் நிறுத்தி மருமகன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மகள் மட்டும் புற்றரையின் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனேன்.

“இஞ்சதான் அப்பா நான் இருந்தனான்.”

“எப்ப?”

“2009 இல. வகுப்பில்லாத நாளெல்லாம் வந்தனான். ராவிலயும் சில நாள் இருந்தனான்.”

2009 ஏப்ரில் 6 ஆம் திகதி தமிழர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்துத் தொடங்கிய போராட்டம், இந்தச் சதுக்கத்தில் ஜூன் 17 வரை, 73 நாட்கள் நீடித்தது. வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அக்காலத்தில் மகள் இங்கே இரண்டாம் வருட மாணவி. 2007 இல் அவளைக் கட்டுநாயக்காவில் வழியனுப்பியபோது, படிப்பை மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் அனுப்பினோம். அந்த 73 நாட்களும் நான் கொழும்பில் இருந்துகொண்டு வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடிகளும் பதாகைகளும் குடைகளுமாக அந்தக் கூட்டத்தின் படங்கள் தினமும் எனது மேசைக்கு வந்தன. அதற்குள் என் பிள்ளையும் இருந்திருக்கிறாள் என்பதை அறிய எனக்குப் பதினைந்து வருடங்கள் சென்றன.

“அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் பயப்பிடுவியள். போனிலயும் சொல்லேலாது. ஆர் கேட்டுக்கொண்டிருக்கினம் எண்டு ஆருக்குத் தெரியும்? உங்களுக்குத்தான் பிரச்சினை வரும்.”

அந்த நாட்களின் தொலைபேசி உரையாடல்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. சாப்பிட்டாயா, குளிர் எப்படி, பரீட்சை எப்போது. அவள் பக்கத்திலிருந்து, அம்மாவுக்கு முழங்கால் நோ எப்படி, அப்பா நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறாரா. இரண்டு பக்கமும் கேள்விகள் குறையவில்லை. கேட்க வேண்டியதை மட்டும் இருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் தொலைபேசிப் பேச்சு அப்படித்தான் இருந்தது.

பிறகு அவள் சொன்ன இன்னொரு விடயம் என்னைச் சற்றுக் குத்தியது. அந்தச் சதுக்கத்தில் இளைஞர் ஒருவர் 23 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் இரகசியமாகப் பேகர் சாப்பிட்டார் என்று இங்குள்ள இரண்டு பத்திரிகைகள் எழுதின. அவர் வழக்குப் போட்டார். 2010 இல் இரண்டு பத்திரிகைகளும் செய்தி பொய்யென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் கொடுத்தன. “இஞ்ச இருக்கிறவை பொய் எழுதினவை. அங்க இருக்கிறவை ஒண்டும் எழுதேல்லை. நான் அதோட பேப்பர் வாசிக்கிறதை விட்டிட்டன் அப்பா” என்றாள். கோபத்தோடு சொல்லவில்லை. பழகிப்போன ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னாள். ‘அங்க இருக்கிறவை’யில் நானும் ஒருவன். அவசரகாலச் சட்டத்தின் கீழ் நாங்கள் எதை எழுத முடிந்தது, எதை வாசகர்கள் வரிகளுக்கிடையில் தேடி வாசித்தார்கள் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேரன் ஐஸ்கிரீம் கேட்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எனது நாள். நான் தெரிவு செய்தது பிளீட் வீதி. முதல் நாள் பேச்சுக்குப் பிறகு அந்தத் தெரிவு கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. ஆனாலும் மாற்றவில்லை. பேரனைப் பார்த்துக்கொள்ள மனைவி வீட்டில் நின்றுவிட்டார். அப்பாவும் மகளும் மாத்திரம் புறப்பட்டோம். ஹரோவிலிருந்து மெற்றோபொலிற்றன் பாதையில் பரிங்டன் வரை போகலாம். 1863 ஜனவரியில் உலகின் முதலாவது சுரங்க ரயில் ஓடியது பாடிங்டனுக்கும் பரிங்டனுக்கும் இடையில்தான். நீராவி இயந்திரத்தின் புகையைக் குடித்துக்கொண்டு, காஸ் விளக்கு வெளிச்சத்தில் சனங்கள் அதில் பயணம் செய்திருக்கிறார்கள்.

பரிங்டனில் இறங்கித் தெற்கே நடந்தோம். மழை மூட்டம். ஞாயிறென்பதால் தெருவில் ஆட்கள் குறைவு. பிளீட் என்பது ஒரு ஆற்றின் பெயர். இப்போது அது தெருவுக்கு அடியில் ஓடுகிறது. 1500 ஆம் ஆண்டளவில் வின்கின் டி வேர்ட் என்ற அச்சாளர் தமது அச்சு இயந்திரத்தை வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1702 மார்ச் 11 இல் இங்கிலாந்தின் முதலாவது நாளிதழான ‘டெய்லி கொரன்ற்’ பிளீட் பாலத்தருகே வெளிவந்தது. ஒற்றைத் தாள். வெளியிட்டவர் எலிசபெத் மலெற் என்ற பெண்மணி. எங்கள் ஊரில் ‘உதயதாரகை’ 1841 இல் வந்தது என்று மகளுக்குச் சொன்னேன். “பரவாயில்லை, நூற்றிமுப்பத்தொன்பது வருசம்தான் பிந்தினம்” என்று சிரித்தாள். கணக்கில் அவள் எப்போதும் கெட்டிக்காரி.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் பிளீட் வீதி என்றாலே பத்திரிகைத் தொழில் என்று பொருள். எங்கள் மூத்த ஆசிரியர்கள் அந்தப் பெயரைக் கோயிலின் பெயரைப் போலச் சொல்வார்கள். இன்று அங்கே நாளிதழ் ஒன்றுகூட இல்லை. 1986 ஜனவரியில் நான்கு பெரிய பத்திரிகைகள் கிழக்கே வாப்பிங்கில் கட்டப்பட்ட கணினி அச்சகத்துக்கு மாற்றப்பட்டன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த மறியல் தோல்வியில் முடிந்தது. அதன் பின்னர் ஒவ்வொன்றாக எல்லாம் வெளியேறின. ரொய்ட்டர் 2005 இல் போனது. ஸ்கொட்லாந்துப் பத்திரிகை ஒன்றின் கடைசி இரண்டு நிருபர்கள் 2016 ஓகஸ்டில் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். கட்டடங்கள் மட்டும் நிற்கின்றன. கரிய கண்ணாடி போர்த்திய டெய்லி எக்ஸ்பிரஸ் கட்டடம் 1932 இல் கட்டப்பட்டது. அதற்குக் கிட்ட டெலிகிராபின் பெரிய மணிக்கூடு இன்னும் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது.

தெருவிலிருந்து பிரியும் மக்பை ஒழுங்கையில் ஒரு சுவர் முழுவதும் பீங்கான் ஓடுகள் பதித்து அச்சுத்தொழிலின் வரலாற்றைப் படங்களாக வைத்திருக்கிறார்கள். மகள் அதன் முன்னே நெடுநேரம் நின்றாள். அவள் பிறந்த காலத்தில் கையால் அச்சுக்கோக்கும் முறை எங்கள் அலுவலகத்தில் ஓயத் தொடங்கியிருந்தது. அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும் வரிகளை இடக்கையிலுள்ள சட்டத்தில் அடுக்கும் விதத்தை வெறுங்கையால் செய்து காட்டினேன். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு எழுத்தறைகள் பல மடங்கு அதிகம். எந்த அறையில் எந்த எழுத்து என்று அவர்களுடைய விரல்களுக்குத் தெரியும், பார்க்க மாட்டார்கள்.

மழை பெலத்தபோது சென்ற் பிரைட்ஸ் தேவாலயத்துக்குள் ஒதுங்கினோம். காலை ஆராதனை முடிந்திருந்தது. 1666 பெருந்தீக்குப் பிறகு கிறிஸ்தோபர் ரென் கட்டிய ஆலயம் இது. 69 மீற்றர் உயரமான அடுக்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் திருமணக் கேக்கை அடுக்கடுக்காகச் செய்யும் வழக்கம் வந்தது என்பார்கள். 1940 டிசெம்பர் 29 இரவு ஜேர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோன ஆலயத்தை மீளக் கட்டி 1957 இல் திறந்தார்கள். இங்கே பத்திரிகையாளருக்கென்று ஒரு பீடம் இருக்கிறது. 1986 இல் பெய்ரூத்தில் பணயக் கைதியாகப் பிடிக்கப்பட்ட ஜோன் மெக்கார்த்திக்காக 1991 இல் அவர் விடுதலையாகும்வரை இங்கே வழிபாடுகள் நடந்தன. அன்றிலிருந்து பணியில் உயிரிழந்த, காணாமற்போன செய்தியாளரை நினைவுகூரும் இடமாக அது ஆகிவிட்டது. படங்களும் பெயர்களும் மெழுகுவர்த்திகளும் இருந்தன.

அங்கே நின்றபோது முதலில் நினைவுக்கு வந்தவர் மேரி கொல்வின். 2001 ஏப்ரிலில் வன்னியிலிருந்து வெளியேறும் வழியில் ஒரு கண்ணை இழந்தவர். 2012 பெப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். பிறகு எங்கள் ஆட்கள். யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்டோபர் 19. மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2004 மே 31. கொழும்பில் தர்மரத்தினம் சிவராம், 2005 ஏப்ரில். கொழும்பின் புறநகரில் லசந்த விக்கிரமதுங்க, 2009 ஜனவரி 8. பெயர்களை மெல்லச் சொல்லி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மகள் பக்கத்தில் அமர்ந்தாள். லசந்த கொல்லப்பட்ட அன்று அவள் லண்டனிலிருந்து அழைத்ததும், எங்களுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும் எனக்கு நினைவிருந்தது. உண்மையில் அந்த மாதம் முழுவதும் நான் வீட்டில் படுக்கவில்லை. அலுவலகத்துக்கு இரவு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. பெயர் சொல்லாத குரல்கள். நண்பர் ஒருவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்தேன். மனைவிக்குத் தெரியும். மகளுக்கு, அலுவலகத்தில் வேலை அதிகம் என்று சொன்னோம். அதை இப்போதுதான், அந்த வாங்கில் இருந்துகொண்டு, அவளுக்குச் சொன்னேன்.

“எனக்கு முழுக்கத் தெரியாது. ஆனா தெரியும்” என்றாள். பிறகு சொன்னாள்: “வெள்ளவத்தையில இருக்கேக்க, நீங்கள் ராவு வேலை முடிஞ்சு ஆட்டோவில வந்து இறங்கி, கேற் திறக்கிற சத்தம் கேக்குமட்டும் நான் நித்திரை கொள்ளுறேல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பன். பன்ரண்டு வயசிலயிருந்து அப்பிடித்தான்.”

2000 ஆம் ஆண்டில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. நிமலராஜன் கொல்லப்பட்ட வருடம். அந்தச் செய்தியை வீட்டில் நாங்கள் பிள்ளையின் காதில் விழாமல்தான் பேசினோம்.

“ஏனப்பா விட்டிட்டு வரேல்லை? கனபேர் வெளிக்கிட்டவைதானே?”

வேறு வேலை தெரியாது என்று முதலில் பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஆகவே சொன்னேன். 2006 தொடக்கம் கொழும்பில் வெள்ளை வான் கடத்தல்கள் நடந்த காலத்தில், மாலை வேளைகளில் தாய்மார் அலுவலகத்துக்கு வருவார்கள். கைப்பைக்குள் பிள்ளையின் ஒரு படம். பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படம். கொப்பித்தாளில் எழுதிய ஒரு குறிப்பு. எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில், என்ன நிறச் சேட். பொலிசிலும் ஆணைக்குழுவிலும் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். போர்முனைச் செய்தியை எழுத முடியாத அந்த நாட்களில் இந்தப் படங்களைப் போட முடிந்தது. உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில். அந்தத் தாய் சொல்வதைத் தமிழில் கேட்டு, பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ள ஒருவர் அந்த மேசையில் இருக்கவேண்டும். அநேகமான மாலைகளில் அது நானாக இருந்தேன். எழுந்து போயிருந்தால் வேறொருவர் அமர்ந்திருப்பார் என்று சொல்லலாம். அப்போது எங்கள் அலுவலகத்தில் நாற்காலிகள்தான் அதிகம், ஆட்கள் குறைவு.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், நான் ஏற்றிய மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றிவிட்டு வந்தாள்.

வெளியே வந்து மேற்கே நடந்தோம். மூன்று மணியளவில் அவளுடைய கைத்தொலைபேசி ஒலித்தது. இலங்கையில் அப்போது இரவு ஏழரை. வரலாற்றில் முதற்தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு, அநுர குமார திசாநாயக்க வெற்றிபெற்றார் என்ற அறிவிப்பு. நாளிதழ் இல்லாத பிளீட் வீதியில், நான் பணியிலில்லாத முதலாவது தேர்தலின் முடிவை, பேப்பர் வாசிப்பதை விட்டுவிட்ட என் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். “தலைப்பு என்ன போடுவீங்கள்?” என்று கேட்டாள். நான்கு சொற்களில் ஒன்று சொன்னேன். “நீளம் கூட” என்றாள்.

ஓல்ட்விச்சில் புஷ் ஹவுஸ் கட்டடத்தின் முன்னால் கடைசியாக நின்றோம். பி.பி.சி. 2012 இல் அங்கிருந்து வெளியேறிவிட்டது. 1941 இல் தொடங்கிய தமிழோசை, பல தசாப்தங்கள் அந்தக் கட்டடத்திலிருந்துதான் எங்கள் வீடுகளுக்கு வந்தது. 2017 ஏப்ரிலில் அதன் வானொலி ஒலிபரப்பும் நின்றுபோனது. இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அதே குரல் தணிந்த சத்தத்தில் கேட்கும். மகளுக்கு அது நினைவிருந்தது. தன் பிள்ளைப் பருவத்துக் குரல் புறப்பட்ட கட்டடத்தை அவள் இத்தனை வருடமாகப் பேருந்தில் கடந்து போயிருக்கிறாள்.

திரும்பும் ரயிலில், அடுத்த ஆண்டு பேரனோடு கொழும்புக்கு வரும்போது ஒரு வார இறுதியை எனக்கென்று ஒதுக்குவதாகச் சொன்னாள். “உங்கட கந்தோர், நீங்கள் படுத்த வீடு, அந்தத் தாய்மார் வாற வாசல், எல்லாம் காட்டவேணும்” என்றாள். சரியென்றேன். கந்தோர் அதே தெருவில் இருக்கிறது. வாசலை மாற்றிக் கட்டிவிட்டார்கள். நண்பரின் வீட்டை இடித்துத் தொடர்மாடி எழுப்பியிருக்கிறார்கள். எதை எங்கே நிறுத்திக் காட்டுவது என்று ஹரோ வந்து சேரும்வரை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.